தலையை அளப்போம், அமுக்க வேண்டாம்

(நமது குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பொட்டிப்புரம் என்றாலே வெளியூர்க்காரர்கள் "நியூட்ரினோ ஆய்வகமா?" என்று கேட்கிறார்கள். அது மலைக்குள் சுரங்கம் அமைத்துச் செய்யத் திட்டமிட்ட ஆராய்ச்சி. இன்று நான் பேசப்போகும் ஆராய்ச்சியின் பலனை அனுபவிக்க உங்கள் வீட்டு இஞ்சு டேப் போதும். குழந்தை பிறந்த பிறகு மண்டையோடும் முகமும் எப்படி வளர்கின்றன என்பதுதான் விஷயம்.

நம் பக்கத்தில் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அம்மாச்சியோ அப்பத்தாவோ காலை நீட்டி அதில் படுக்கவைத்து, தலை உருண்டையாக வர அமுக்குவார்கள், மூக்கு எடுப்பாக வர நீவுவார்கள். பாசத்தில் செய்வதுதான். ஆனால் தலைக்கு வடிவம் கொடுப்பது நம் கை இல்லை, உள்ளே வளரும் மூளை.

பிறக்கும்போது மண்டையோடு ஒரே ஓடாக இருப்பதில்லை. தனித்தனி எலும்புத் தகடுகள், நடுவே நெகிழ்வான இணைப்புகள். மூளை பெரிதாகப் பெரிதாக அந்த இணைப்புகளின் ஓரத்தில் புது எலும்பு சேர்கிறது. பின்பக்கக் குழி 2, 3 மாதங்களில் மூடிவிடும். முன்பக்க உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடும்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 6 நாடுகளின் குழந்தைகளை அளந்து அட்டவணை தயாரித்திருக்கிறது. அதன்படி ஆண் குழந்தையின் தலைச்சுற்றளவு பிறக்கும்போது சராசரி 34.5 செ.மீ., ஒரு வயதில் 46.1 செ.மீ. பெண் குழந்தைக்கு 33.9, பிறகு 44.9. முதல் வருடத்தில் மட்டும் 11, 12 செ.மீ. வளர்ச்சி! அடுத்த வருடம் முழுவதும் சேர்த்தே 2 செ.மீ.தான் கூடுகிறது.

அதனால்தான் முதல் வருடத்தை விட்டுவிடக் கூடாது என்கிறேன். சுமார் 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு ஏதாவது ஓர் இணைப்பு முன்கூட்டியே ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பக்கம் விரிய முடியாமல் தலை வேறு திசையில் நீளும். உச்சி நடு இணைப்பு ஒட்டினால் தலை தோணிபோல் நீண்டுவிடும். இதற்கு அறுவை சிகிச்சை உண்டு. பெரும்பாலும் முதல் வயதுக்குள் செய்வதே நல்லது. "போகப் போகச் சரியாயிரும்" என்று வீட்டிலேயே நீவிக்கொண்டிருந்தால் அந்தக் காலம் கடந்துவிடும்.

எல்லாக் கோணலும் நோய் இல்லை. பிரசவத்தின்போது நீண்ட தலை சில நாட்களில், சில வாரங்களில் தானே சரியாகும். ஒரே பக்கம் படுத்துத் தட்டையானால், பிள்ளை முகம் திருப்பும் பக்கத்தை மாற்றிவிடுங்கள். விழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து சிறிது நேரம் குப்புறப் போடுங்கள். தூங்கும்போது மல்லாக்கத்தான் படுக்க வேண்டும்.

முகத்தின் கதை வேறு. பிறக்கும்போது சின்னதாக இருக்கும் முகம் பதின்வயது முடியும்வரை நிதானமாக வளர்கிறது. 18ஆம் நூற்றாண்டில் லண்டன் மருத்துவர் ஜான் ஹன்டர், மஞ்சிட்டி இனத்துச் சிவப்பு வேரைப் பன்றிகளுக்குத் தீவனத்தோடு கொடுத்துப் பார்த்தார். புதிதாக வளர்ந்த எலும்பில் மட்டும் சிவப்பு ஏறியது. கீழ்த்தாடையின் பின்பக்கம் எலும்பு சேர்கிறது, முன்பக்கம் கரைகிறது, அப்படித்தான் கடைவாய்ப் பற்களுக்கு இடம் கிடைக்கிறது என்று தெரிந்தது. வளரும் தாடை பழக்கத்துக்கும் வளையும். ஆகவே 4 வயதுக்குப் பிறகும் விரல் சூப்பினாலோ, எப்போதும் வாயால் மூச்சு விட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் தலைச்சுற்றளவையும் அளக்கச் சொல்லி எழுதி வையுங்கள். வீட்டில் அளந்தால், புருவத்துக்கு மேலே தொடங்கி, காதுக்கு மேலாக, பின்மண்டை அதிகம் புடைத்த இடம்வரை டேப்பைச் சுற்றுங்கள். அளவு கூடாமல் நின்றாலோ, மிக வேகமாகக் கூடினாலோ, தலையில் மேடாக ஒரு வரம்பு தட்டுப்பட்டாலோ குழந்தை மருத்துவரிடம் போங்கள். அழாமல் உட்கார்ந்திருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்திருந்தாலோ, பேதி, காய்ச்சலோடு குழி உள்வாங்கினாலோ அன்றைக்கே போங்கள். க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

அம்மாச்சிமார்களே, அப்பத்தாமார்களே, எண்ணெய் தேய்ப்பதை நிறுத்த வேண்டாம். மெதுவாகத் தடவுங்கள், அமுக்க வேண்டாம். தடவும்போது உங்கள் விரலுக்கு ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் அதை முதலில் சொல்லப்போவது நீங்கள்தான்.