‘ஸ்பார்ட்டகஸ்’ படமும் அதன் விமர்சகர்களும்



கொல்கத்தாவின் தென்பகுதியான ஜாதவ்பூரில் 1955-ஆம் ஆண்டு தோன்றிய பல்கலைக்கழகம், 1993-இல் திரைப்படக் கல்விக்கெனத் தனித்துறை ஒன்றை நிறுவியது. காப்பியங்களை ஆராய்வது போலவே திரைப்படங்களையும் ஆராயலாம் என்பதற்கு அத்துறையே சான்று. அந்நோக்கோடு, ‘ஸ்பார்ட்டகஸ்’ என்னும் அமெரிக்கப் படத்தைப் பற்றி எழுந்த கருத்துக்களை நாம் சிறிது சீர்தூக்கிப் பார்ப்போம்.

கி.மு. 73-இல் கப்புவா நகரத்துப் பயிற்சிக்கூடத்திலிருந்து, சமையற்கட்டுக் கத்திகளையே ஆயுதமாகக் கொண்டு, ஏறத்தாழ 70 ‘கிளாடியேட்டர்’கள் தப்பினர். மக்கள் கண்டு களிக்க அரங்கில் பொருத விடப்பட்ட அடிமைகள் அவர்கள். இரண்டாண்டுக் காலம் உரோமையே கலங்கச் செய்த அக்கிளர்ச்சியை 1960-இல் திரையில் காட்டினார் இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக். தலைவனாக நடித்தவர் கர்க் டக்ளஸ்.

படத்திற்கு நான்கு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. எனினும் விமர்சகர்கள் ஒருமனப்படவில்லை. காட்சிகளின் பிரம்மாண்டத்தைச் சிலர் வியந்தனர். மூன்று மணி நேரத்திற்கு மேல் நீளும் கதை சீராக அமையவில்லை என்று சிலர் குறை கூறினர். திரைக்கதை தம் கட்டுக்குள் இல்லாமையால் கூப்ரிக்கே பின்னாளில் இப்படத்தைத் தம்முடையதாகப் பாராட்டிக் கொள்ளவில்லை.

வேறு சிலரின் எதிர்ப்போ கலை பற்றியதன்று. திரைக்கதை எழுதிய டால்ட்டன் டிரம்போ, அரசியல் கருத்துக்காகச் சிறை சென்று, ஹாலிவுட்டில் விலக்கி வைக்கப்பட்டவர். அவர் பெயர் திரையில் வெளிப்படையாக வந்ததே அவர்களுக்குப் பொறுக்கவில்லை. படத்தைப் பார்க்குமுன்பே தீர்ப்பு எழுதுவது விமர்சனமாகுமா?

வரலாற்று நோக்கில் எழும் குறையே நாம் பெரிதும் எண்ணத்தக்கது. படத்தில் தலைவன் சிலுவையில் மடிகிறான். அவன் போர்க்களத்தில் வீழ்ந்தான் என்றும், அவனது உடல் கிட்டவில்லை என்றும் எழுதுகிறார் பழைய ஆசிரியர் அப்பியன். ‘நானே ஸ்பார்ட்டகஸ்’ என்று தோழர்கள் ஒவ்வொருவராக எழும் புகழ்பெற்ற காட்சிக்கும் பழஞ்சான்று இல்லை. ஆனால், மிகைக் கற்பனை போலத் தோன்றும் செய்தியோ வரலாறே: பிடிபட்ட 6,000 பேரை அப்பியன் நெடுஞ்சாலை ஓரத்தில் சிலுவைகளில் அறைந்தான் கிராசஸ்.

நம் நாட்டிலும் இக்கேள்வி உண்டு. 1959-இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் நாம் கேட்டு மெய்சிலிர்த்த வசனம், சக்தி கிருஷ்ணசாமி எழுதியது. கும்பினி ஆவணத்தில் உள்ளதன்று. ஆயினும் 1799-இல் கயத்தாற்றில் நடந்த தூக்குத் தண்டனை மெய்.

ஸ்பார்ட்டகஸோ அவன் தோழரோ எழுதிய ஒரு வரியும் நமக்குக் கிட்டவில்லை. கிட்டியவை எல்லாம் அவர்களை ஆண்ட உலகத்தார் எழுதியவையே. ஊமையாக்கப்பட்டவர்க்குக் கலைஞன் குரல் தருவது குற்றமன்று. அக்குரலே சாசனம் என்று நாம் மயங்குவதுதான் குற்றம். ஆகவே, படத்தைக் கண்டு நெஞ்சுருகுவோம். பின்னர் நூலைப் புரட்டி உண்மையையும் தெளிவோம்.