விற்கும் நாளைத் தீர்மானிப்பது யார்?

(காயல்பட்டினத்தில் விவசாயிகளும் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இந்தக் கரை முத்துக்குப் பேர்போனது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்துபோய் எழுதிவைத்த காயல் துறைமுகம் இந்த வட்டாரத்தைச் சேர்ந்தது. மன்னார் வளைகுடாவில் வெள்ளைக்காரன் காலத்து முத்துக்குளிப்பில் ஒரு கணக்கு இருந்தது. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. ஒரு பங்கு குளித்தவனுக்கு. சிப்பியைக் குவித்து, அழுகவிட்டு, கழுவி அரித்துப் பார்த்தால்தான் முத்து தெரியும். அதற்குப் பல நாள் பிடிக்கும். மூச்சை அடக்கி மூழ்கியவனால் அத்தனை நாள் காத்திருக்க முடியுமா? அன்றாடச் செலவுக்காகக் கரையில் நின்ற வியாபாரியிடம் மூடிய சிப்பியாகவே விற்றான். வாங்கியவன் காத்திருந்தான். நூறு சிப்பி பொய்த்தாலும் ஆயிரத்தில் ஒன்று அவனுக்கு ஈடு கட்டிவிடும். விற்றவனுக்கு அந்த வசதி கிடையாது.

தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது. ஆனால் மூடிய சிப்பியை விற்கும் வழக்கம் நின்றதா? இல்லை. அதைத்தான் நாம் இன்று களத்துமேட்டில் செய்துகொண்டிருக்கிறோம்.

தாமிரவருணிப் பாசனத்தில் பிசான நெல் மாசி, பங்குனியில் களத்துக்கு வருகிறது. கரிசல் காட்டில் உளுந்தும் பாசிப்பயறும் தை மாதத்தை ஒட்டி வருகின்றன. எல்லார் சரக்கும் ஒரே நேரத்தில் வந்தால் விலை இறங்கும். இது நமக்குத் தெரியாததா? தெரிந்தும் ஏன் அன்றே விற்கிறோம்? விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் வாசலில் நிற்கிறது. அறுத்தவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். பல இடங்களில் கடன் கொடுத்தவரும் கமிஷன் கடைக்காரரும் ஒரே ஆள். சரக்கு நம்முடையது, விற்கும் நாள் அவருடையது!

‘அப்படியானால் பொறுத்து விற்பதே லாபம்’ என்று சிலர் சொல்லக்கூடும். அதையும் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு விவசாயியிடம் 10 குவிண்டால் உளுந்து இருக்கிறது, களத்து விலை குவிண்டால் ரூ.7,000 என்று வைத்துக்கொள்வோம். இன்று விற்றால் ரூ.70,000. மூன்று மாதம் வைத்திருக்கிறார். கைச்செலவுக்கு ரூ.50,000 கடன் வாங்குகிறார். மூணு வட்டிக்கு வாங்கினால் வட்டி ரூ.4,500. வாடகை, ஏற்றுகூலி ரூ.600. காய்ந்தும் வண்டு அரித்தும் எடை 20 கிலோ குறைகிறது. அவர் நஷ்டப்படாமல் இருக்க வேண்டுமானால் விலை குவிண்டாலுக்கு ரூ.7,660-க்கு மேல் ஏற வேண்டும். ஏறாவிட்டால் காத்திருந்ததே தண்டம்.

அதே சரக்கை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக் கிட்டங்கியில் வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கினால்? சரக்கு மதிப்பில் 75 சதம் வரை கடன் உண்டு. ஆண்டுக்கு 5 சதம் வட்டி. 180 நாள் வரை தவணை. ரூ.50,000-க்கு மூன்று மாத வட்டி ரூ.625. மற்றச் செலவு அதேதான் என்றாலும், விலை ரூ.7,270-ஐத் தாண்டினாலே போதும். உளுந்து ஒன்றுதான், சந்தை ஒன்றுதான். வித்தியாசம் எங்கே? வட்டியில்!

இன்னொன்றையும் மறக்கலாகாது. 2023 டிசம்பரில் ஒரே நாளில் இந்தக் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்குத் திண்ணையிலும் தார்ப்பாய்க்கு அடியிலும் கிடக்கும் மூட்டை என்ன கதிக்கு ஆளாகும்? ஆகவே, ‘வைத்திரு’ என்று புத்தி சொல்பவர் எந்தக் கூரையின் கீழ் வைப்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆத்தூர், ஏரல் பக்கத்து வாழைக்காரருக்கு இந்த யோசனையே பொருந்தாது. முற்றிய தார் யாருக்காகவும் காத்திருக்காது. வெற்றிலையும் அப்படித்தான். அவர்கள் விற்கும் நாளைக் கன்று நடும்போதே யோசிக்க வேண்டும். ஒரே வாரத்தில் ஊர் முழுவதும் நடாமல், பேசிவைத்து முன்பின்னாக நட்டால் தாரும் முன்பின்னாகத்தான் வெட்டுக்கு வரும்.

விலை நிலவரம் தெரிந்துகொள்ள இன்று வழி இருக்கிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் விதைப்புக்கு முன்பும் அறுவடைக்கு முன்பும் விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. 2016-ல் மின்னணுச் சந்தை தொடங்கப்பட்டது. பக்கத்து மண்டியின் விலையைக் கைப்பேசியில் பார்க்கலாம். இவற்றைப் படித்த பிள்ளைகள் தெருவில் நாலு பேருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். ஆனால் முன்னறிவிப்பு வேதவாக்கல்ல. 2021 மே மாதம் உளுந்து இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தில்லி சர்க்கார் நீக்கியது. பர்மா உளுந்து கப்பலில் வந்து இறங்கும்போது, விலை ஏறும் என்று மூட்டையைப் பூட்டிவைத்தவரின் கணக்கு என்னாகும்? கையிருப்பு முழுவதையும் ஒரே நாளில் விற்கவும் வேண்டாம், முழுவதையும் பூட்டவும் வேண்டாம். கடனுக்குத் தேவையானதை முதலில் விற்று, மிச்சத்தை இரண்டு மூன்று தவணையாக விற்பதே சிறு விவசாயிக்குத் தற்காப்பு.

நெல்லின் சங்கதி வேறு. 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய சர்க்காரின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.2,369. தமிழ்நாட்டின் ஊக்கத்தொகையும் சேர்ந்து ரூ.2,500. விலை எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கொள்முதல் நிலையம் அறுப்புக்கு முன்பே திறக்க வேண்டாமா? காயவைக்கக் களம் வேண்டாமா? நிலையம் பூட்டிக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் தனியார் வியாபாரிக்குத்தான் அறுவடை.

ஆலைத் தொழிலாளர்களே, இது உழவர் விவகாரம் என்று நாம் ஒதுங்கிவிடக் கூடாது. களத்தில் மலிவாகப் போன உளுந்து நம் வீட்டுக்கு மலிவாக வந்ததுண்டா? விவசாயத் தொழிலாளர்களே, களத்தில் விலை சரிந்தால் முதலில் கைவைக்கப்படுவது உங்கள் கூலியில்தான். விவசாயிக்குப் பொறுக்கும் சக்தி கிடைத்தால், ‘விலை போகவில்லை, கூலியைப் பிறகு பார்க்கலாம்’ என்ற சாக்கும் போய்விடும்.

ஆகவே நாம் கேட்பது இவைதாம்: எட்டும் தூரத்தில் கிட்டங்கி; அலையவைக்காமல் அன்றே கிடைக்கும் பொருளீட்டுக் கடன்; குத்தகைக்காரருக்கும் அந்தக் கடன்; அறுப்புக்கு முன்பே திறக்கும் கொள்முதல் நிலையம்; ஒவ்வொரு பஞ்சாயத்திலும் அன்றாட விலைப் பலகை. தனித்தனியாகக் கேட்டால் மனு கட்டில் தூங்கும். ஊராகச் சேர்ந்து கேட்போம்.

தோழர்களே! சிப்பி திறக்கும்வரை காத்திருக்க முடிந்தவனுக்கே முத்து கிடைத்தது. காத்திருக்கும் பலத்தை யாரும் நமக்குத் தானமாகத் தரமாட்டார்கள். அதைச் சேர்ந்து நின்றுதான் பெற வேண்டும். பெறுவோம்!