சமயங்கள் கூடும் மௌன மனை

(இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

பல சமயத்தவரும் வந்து தங்கி, வழிபாடும் தியானமும் செய்தற்குரிய மனைகளைப் பற்றிப் பேசுமாறு மன்றத்தார் எம்மைப் பணித்தனர். இத்தலைப்பைக் கேட்டவுடன் இச்சபையில் இருவகை எண்ணங்கள் எழுந்திருக்கும். "நல்ல காரியம், இன்றே தொடங்கலாம்" என்று இளைஞர் எண்ணுவர். "நம் பிள்ளைகளை வேறு சமயத்துக்கு இழுக்கும் வழி இதுவாகிவிடாதா?" என்று பெரியோர் ஐயுறுவர். இளைஞரின் ஆர்வமும் நல்லதே. பெரியோரின் ஐயமும் காரணமற்றதன்று. ஆதலின் இரண்டையும் முன்வைத்தே இப்பொருளை ஆராய்வோம்.

முதலில் நம் வீட்டுச் செல்வத்தைப் பார்ப்போம். இத்தகைய மனை மேனாட்டார் கண்டுபிடித்த புதுமையன்று. நமது ஊவா மாகாணத்திலேயே கதிர்காமம் இருக்கின்றது. மாணிக்க கங்கைக் கரையிலே கந்தன் சந்நிதியும், தெய்வயானை அம்மன் கோயிலும், பள்ளிவாசலும், சற்று அப்பால் கிரி விகாரையும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. தமிழரும், சிங்களவரும், முஸ்லிம்களும், வேடரும் அங்கே தத்தம் முறையில் வணங்குகின்றனர். சந்நிதியில் திருவுருவம் கண்ணுக்குத் தோன்றுவதில்லை, திரைச்சீலையே தோன்றுகின்றது. கப்புறாளை வாயை வெண்துணியாற் கட்டிக்கொண்டு பூசை செய்கின்றார். அங்கே சொல் நின்றுவிடுகின்றது. எல்லார்க்கும் பொதுவான மொழி மௌனமே என்பதை நம் முன்னோர் எத்துணை எளிதாகக் காட்டிவிட்டனர்!

தமிழகத்து வடலூரை நோக்குங்கள். இராமலிங்க சுவாமிகள் 1865 இல் சன்மார்க்க சங்கம் கண்டார். 1867 இல் தருமசாலையைத் தொடங்கினார். 1872 இல் சத்திய ஞான சபையை நிறுவினார். எண்கோண வடிவான அச்சபையில் ஏழு திரைகளுக்கு அப்பால் சோதி ஒன்றே வழிபாட்டுக்குரியதாக இருக்கின்றது. சாதியும் சமயமும் அங்கே தடையல்ல. உயிர்க்கொலையும் புலாலும் தவிர்த்தலே கேட்கப்படும் தகுதி. சபைக்கு முன்னரே சாலை எழுந்தது என்பதை இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். பசித்தவனுக்கு முதலிற் சோறு, பின்னரே தியானம். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிந்து வருகின்றது.

இனி, 1927 நவம்பரில் நமது பதுளைக்கும் வந்து சென்ற காந்தியடிகளை நினைப்போம். அவருடைய ஆச்சிரமப் பிரார்த்தனையில் கீதையும் குர்ஆனும் கிறிஸ்தவப் பாடலும் இடம்பெற்றன. 1947 இல் டில்லியில், பிரிவினைக் கலவரங்கள் மூண்டிருந்த காலத்தில், கூட்டத்திற் சிலர் குர்ஆன் ஓதுவதை மறுத்தனர். அடிகள் என்ன செய்தார்? குர்ஆனை விட்டுவிட்டு மற்றவற்றைப் படிக்கவில்லை. மறுத்தவரை வெளியே தள்ளவும் இல்லை. பிரார்த்தனையையே நிறுத்திவிட்டார். ஒருவரை வருத்தி நடத்தும் வழிபாடு வழிபாடாகாது. ஒரு சமயத்தை ஒதுக்கி நடத்தும் பொது வழிபாடு பொதுவுமாகாது. இவ்விரு நெறிகளும் நமக்குப் பின்னர் வேண்டியிருக்கும்.

அன்பர்களே, இப்பொழுது பெரியோரின் ஐயத்துக்கு வருவோம். இதற்குச் சாந்திவனத்தின் வரலாறே சிறந்த பாடம். குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், 1950 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுக் கத்தோலிக்கத் துறவிகள் இருவர் ஓர் ஆச்சிரமம் அமைத்தனர். ஒருவர் மொன்சானின் அடிகள்; மற்றவர் லெ சோ அடிகள். ஆச்சிரமத்துக்குச் சச்சிதானந்தம் என்று பெயரிட்டனர். காவியுடுத்தினர், எளிய குடிலில் வாழ்ந்தனர், மரக்கறி உண்டனர். லெ சோ அடிகள் 1949 இல் திருவண்ணாமலையில் இரமண மகரிஷியைத் தரிசித்தார். மகரிஷி 1950 ஏப்ரலில் மகாசமாதி அடைந்த பின்னரும் அவர் அருணாசலக் குகைகளில் தங்கித் தியானம் பயின்றார். திருக்கோவலூர்த் தபோவனத்து ஞானானந்த சுவாமிகளைக் குருவாகவே மதித்தார். அபிஷிக்தானந்தர் என்னும் பெயரால் உலகறிந்த அவர் 1973 இல் இந்தூரில் மறைந்தார்.

மொன்சானின் அடிகள் 1957 இல் காலமானார். லெ சோ அடிகள் 1968 இல் இமயமலைப் பக்கம் சென்றுவிட, இங்கிலாந்தவரான பீட் கிரிபித்ஸ் அடிகள் ஆச்சிரமத்தைப் பொறுப்பேற்று, 1993 இல் மறையும் வரை நடத்தினார். பல நாட்டவரும் பல சமயத்தவரும் அங்கே வந்து தங்கலாயினர். நாளொன்றுக்கு மும்முறை நடக்கும் பிரார்த்தனையில் வேத உபநிடதங்களும் கீதையும் பைபிளோடு சேர்த்துப் படிக்கப்பட்டன. 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையும் தள்ளத்தக்கன அல்ல என்று அறிவித்திருந்தமை இம்முயற்சிக்கு வலுவாயிற்று.

ஆனால் எல்லாரும் இதனைப் பாராட்டவில்லை. கத்தோலிக்கருள் ஒரு சாரார், "இது மிகவும் இந்துவாகிவிட்டது" என்றனர். இந்துக்களுள் ஒரு சாரார், "காவியும் ஆச்சிரமப் பெயரும் மதமாற்றத்துக்கான வேடம்" என்றனர். சீதாராம் கோயல் இக்குற்றச்சாட்டை 1988 இல் ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார். சத்து, சித்து, ஆனந்தம் என்பன பரம்பொருளின் இயல்பைக் குறிக்க நம் ஞானிகள் வழங்கிய சொற்கள். அவற்றைப் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று பொருள் கொள்வது முறையா என்று அவர்கள் கேட்டனர்.

இக்கேள்வியைப் புறக்கணிக்க முடியாது. நம் சொல்லைப் பிறர் எடுத்தாளும்போது, அன்பினால் எடுக்கின்றாரா, உபாயமாக எடுக்கின்றாரா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. எனினும் நியாயமும் வேண்டும். குகையில் தங்கி மௌனம் காத்த ஒருவரை வேடதாரி என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. யாம் கண்ட முடிவு இது: துணியின் நிறத்தை வைத்து ஒரு மனையை அளக்க வேண்டாம், வாசலில் எழுதியிருப்பதும் உள்ளே நடப்பதும் ஒன்றா என்று பார்த்து அளப்போம்.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி ஒன்றுண்டு. யோஹான் தேவானந்தா என்னும் அங்கிலிக்கன் குரு 1957 இல் குருநாகலுக்கு அண்மையில் உள்ள இப்பாகமுவையில் தேவசரண ஆராமத்தை நிறுவினார். பௌத்த ஆராமத்தின் எளிமையைத் தழுவிய அந்த இடம் பின்னர் ஏழை விவசாயிகளின் துயரிலும் பங்கு கொண்டது. தியானத்தில் அமர்ந்தவர் எழுந்து அயலவன் வயலுக்குச் சென்றார். இதுவும் வடலூர்ச் சாலை தந்த பாடமே அன்றோ?

சரி, ஊவாத் தோட்டங்களில் வாழும் நமக்கு இவற்றால் என்ன? அப்புத்தளையில் அடிசம் மாளிகையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தேயிலை வணிகத்தில் பெரும்புள்ளியாக விளங்கிய சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931 இல் கட்டி முடித்த கல்மாளிகை அது. 1960களில் அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமாயிற்று. துரை இருந்த இடத்தில் இன்று துறவிகள் செபிக்கின்றனர். காலத்தின் கோலம் நன்றே. ஆனால் அதே மலைச்சரிவில் கொழுந்தெடுக்கும் நம் சகோதரிக்கு மௌனமாக அமர ஓர் இடம் உண்டா? லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதிலே அடுப்புப் புகை, அதிலே பிள்ளையின் படிப்பு, அதிலே பாட்டியின் இருமல், பக்கத்துக் காம்பராவின் வானொலி. விடிந்தால் பிரட்டுக்களம், பொழுது சாய்ந்தால் விறகும் தண்ணீரும். "தியானம் செய்" என்று அவளுக்கு உபதேசிப்பது எளிது. எங்கே அமர்ந்து செய்வாள் என்று நாம் கேட்டதுண்டா?

கோயிலுக்குப் போகலாமே என்பீர்கள். மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டம் இல்லை. அது நம் உயிர்நாடி. ஆனால் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி, மற்றைக் காலத்தில் பூட்டிய கதவு என்ற நிலை பல இடங்களில் உள்ளது. இதை நாம் தாம் திருத்த வேண்டும்.

இன்னொன்றும் நினைவுகூர்வோம். 1983 சூலையில் பதுளை நகரம் எரிந்தது. 2014 அக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுட் புதைந்தன. 2019 ஏப்ரல் 21 இல் உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. இவற்றுள் ஒன்று இயற்கையின் சீற்றம். மற்றிரண்டும் மனிதன் செய்த கொடுமை. மனிதன் செய்த கொடுமைக்கு வித்து, அயலவனை அறியாமை. ஒருவனோடு ஒரு மணி நேரம் மௌனமாக அமர்ந்தெழுந்தவன், மறுநாள் அவன் வீட்டுக்குத் தீவைக்கக் கை கூசுவான். இதுவே எமது நம்பிக்கை.

ஆகவே மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பெரிய கட்டடமும் நிதித் திரட்டலும் பின்னர் ஆகுக. தோட்டத்துக்கு ஓர் அறை போதும். கோயில் மண்டபத்தின் ஒரு புறமோ, வாசிகசாலையோ, பாலர் பாடசாலையோ ஆகலாம். ஞாயிறு அல்லது போயா நாளில், பிற்பகல் ஒரு மணி நேரம். விரிக்கப் பாய், ஏற்ற ஒரு விளக்கு. வருவோர் இந்துவாயினும், கிறிஸ்தவராயினும், முஸ்லிமாயினும், நகரத்திலிருந்து வரும் பௌத்த நண்பராயினும் தத்தம் முறைப்படி அமைதியாக இருக்கட்டும்.

அதற்குச் சில நியமங்கள் வேண்டும். வாசலில் எழுதியதே உள்ளே நடக்க வேண்டும். அங்கே மதமாற்றப் பேச்சும் கூடாது, பிற மதத்தைப் பழித்தலும் கூடாது. இது நமக்கும் பொருந்தும், அயலவர்க்கும் பொருந்தும். பணமோ பொருளோ வேலையோ காட்டி எவரையும் அழைத்தல் கூடாது. ஒருவர் மனம் நொந்தாலும் அன்று நிறுத்தி, அவரோடு பேசித் தீர்த்த பின்னரே தொடர வேண்டும். வந்தவர்க்கெல்லாம் ஒரு கோப்பைத் தேநீர் கொடுக்க வேண்டும். உலகுக்கெல்லாம் தேயிலை கொடுக்கும் நாம் இதிற் குறை வைக்கலாகாது!

பெரியோர்களே, உங்கள் ஐயத்துக்கு மருந்து கதவை அடைத்தலன்று. பிள்ளைகளுக்குத் தேவாரமும் திருவாசகமும் பொருளோடு கற்பித்தலே. வேர் ஆழ்ந்த மரம் காற்றுக்கு அஞ்சாது. இளைஞர்களே, உங்கள் ஆர்வத்துக்குக் கடிவாளம் பொறுமை. தன் சமயத்தை அறியாதவன் பிற சமயத்தாரோடு கூடி அமர்ந்தால் அவனிடம் கொடுக்க ஒன்றும் இராது.

கல்லாலின் கீழ்ச் சொல்லாமற் சொன்ன தட்சிணாமூர்த்தியின் திருவருளும், கதிர்காமக் கந்தன் கருணையும் இம்முயற்சிக்குத் துணை நிற்பனவாக. அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன் ஊவாவில் ஒரு தோட்டத்திலாயினும் அந்த ஒரு மணி நேரம் தொடங்கியிருக்க வேண்டும். எந்தத் தோட்டம் முந்துகின்றது என்று பார்ப்போம்.