அழகம்மாள் மூட்டிய அடுப்பு

முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற அப்பத்தாமார்களே!

நோட்டீஸில் என் பேருக்கு நேரே 'திருச்சுழி தந்த மகான்' என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் ரமண மகரிஷியைப் பற்றிப் பேசிவிட்டார்கள், நன்றாகவே பேசினார்கள். நான் அவரைப் பெற்றவளைப் பற்றிப் பேசப் போகிறேன்! தட்டுங்கள், நல்லாத் தட்டுங்கள். அந்தக் கைதட்டு அழகம்மாளுக்குச் சேர வேண்டியது. நூறு வருஷத்துப் பாக்கி!

மானாமதுரைப் பக்கம் பாசலையில் பிறந்து இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள் அவள். புருஷன் சுந்தரமய்யர், இங்கே வக்கீல். ஊருக்கு யார் வந்து இறங்கினாலும் அவர் வீட்டில் தங்க இடம் உண்டு, சாப்பாடு உண்டு. சோறு போட்ட புண்ணியவான் சுந்தரமய்யர் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். சரி, ஆக்கியது யாரய்யா? அண்டா அண்டாவாக வடித்துக் கொட்டியது யார்?

1879, டிசம்பர் 30. ஆருத்ரா தரிசனம். நம்ம திருமேனிநாதர் கோயில் நடராஜர் வீதி சுற்றித் திரும்புகிறார், மணி ஒன்று. அந்த நேரத்தில் பிள்ளை பிறக்கிறது. அந்தப் பிரசவ அறையில் கண்பார்வை மங்கிப்போன ஒரு கிழவி இருந்தாள். பிறந்த பிள்ளையிடம் ஒரு ஒளியைக் கண்டேன் என்று அவள் சொன்னதாகச் சொல்வார்கள். கண் தெரிந்தவர்கள் அத்தனை பேர் இருந்த ஊரில், கண் தெரியாத கிழவிக்குத்தான் அது தெரிந்தது! யார் வீட்டுக் கிழவி? ஏதோ ஒரு வீட்டு அப்பத்தா. உங்களை மாதிரி ஒருத்தி.

1892-இல் சுந்தரமய்யர் போய்ச் சேர்ந்தார். அழகம்மாளுக்கு மூன்று பையன், ஒரு பொண்ணு. குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மூத்தவன் நாகசாமியும், பின்னாளில் ரமணரான அடுத்தவன் வேங்கடராமனும் மதுரையில் சித்தப்பா வீட்டுக்கு. சின்னதுகளைக் கூட்டிக்கொண்டு அவள் மானாமதுரைக்கு.

நம்ம சீமையில் இது புதுசா? விருதுநகர் சிவகாமி அம்மாளுக்கும் இதே கதைதானே! காமராசருக்கு ஆறு வயசாகும்போது அப்பா போயாச்சு. அந்த அம்மா வளர்த்த பிள்ளை 1954-இல் முதலமைச்சராகிறார். வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுக்கிறார்கள். தெருவுக்கெல்லாம் இல்லாத குழாய் எங்க அம்மாவுக்கு மட்டும் எதுக்கு என்று பிடுங்கச் சொன்னார் மகன். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நீங்கள் மகனுக்குக் கை தட்டுகிறீர்கள். தட்டுங்கள், தப்பில்லை. ஆனால் மறுநாளிலிருந்து தெருக்குழாய்த் தண்ணியோடு வாழ்ந்தது அந்தத் தாயல்லவா? அவளுக்கும் சேர்த்துத் தட்டுங்கள்!

தண்ணி என்றதும் எனக்கு வயிறு எரிகிறது. 2021 பிப்ரவரியில் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள். பக்கத்திலேதானே குண்டாறு? போய்ப் பாருங்கள். மணல் காய்கிறது, சீமைக்கருவேலம் நிற்கிறது. ஓட்டுக் கேட்க மட்டும் கரைக்கு வருகிற பெரிய மனுஷர்களே, குடம் சுமக்கிற பொம்பளைகளைப் பார்த்து இதே மேடையில் பதில் சொல்ல முடியுமா உங்களால்? சொல்ல மாட்டார்கள். விடுங்கள், ஆத்தா கதைக்கு வருகிறேன்.

1896-இல், பதினாறு வயசில், வேங்கடராமன் வீட்டை விட்டுப் போனான். இரண்டு வருஷம் தகவல் இல்லை. கணவன் போய் நாலு வருஷம்தான் ஆகிறது; இப்போது பிள்ளையும் இல்லை. திருவண்ணாமலையில் இருக்கிறான் என்று தெரிந்ததும், 1898 டிசம்பரில் மூத்தவனைக் கூட்டிக்கொண்டு போனாள். பவழக்குன்றில் சடையும் அழுக்குமாக ஒரு உருவம். பேசவில்லை. நாள் தவறாமல் பலகாரம் செய்து எடுத்துப் போனாள். அழுதாள், கெஞ்சினாள், சண்டை போட்டாள். கடைசியில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான்: நடக்க வேண்டியது நடந்தே தீரும், நடக்காதது நடக்காது என்கிற கருத்தில். அவள் திரும்பினாள். 1900-இல் மூத்தவனும் செத்துப்போனான். தாய்மார்களே, நினைத்துப் பாருங்கள், ஒரு நெஞ்சு எத்தனையைத் தாங்கும்!

1916-இல் மகனோடேயே இருந்துவிடுவது என்று மலைக்கே வந்துவிட்டாள். அங்கேயும் சில பேர் முணுமுணுத்தார்கள். பெண்பிள்ளைக்கு இங்கே என்ன வேலை, அம்மா தங்கினால் சாமி எங்கேயாவது போய்விடுவாரே என்று. ரமணர் எழுந்தார். அம்மா கையைப் பிடித்தார். இங்கே இடமில்லையென்றால் வேறெங்காவது போய் இருந்துகொள்வோம் வா என்று கிளம்பிவிட்டார்! முணுமுணுத்தவர்கள் காலில் விழுந்தார்கள். பந்தபாசத்தை அறுத்தால்தான் ஞானம் என்று மைக் பிடித்துப் பேசுகிறவர்களே, ஞானி தன் தாயின் கையைப் பிடித்த இந்த இடத்துக்கு உங்களிடம் என்ன விளக்கம்? அம்மாவை வாசல் திண்ணைக்குத் தள்ளிவிட்டு மாசம் தவறாமல் கிரிவலம் போகிறவனையும் கேட்கிறேன்!

மலைமேல் அவர்கள் இருந்த கந்தாசிரமத்தில் வற்றாத சுனை. குண்டாற்றுக் கரையிலிருந்து போனவளுக்கு வேறென்ன வேண்டும்? அடுப்பு மூட்டினாள். அதற்கு முன் மலையில் பிச்சைச் சோறு. பக்தர்கள் கொண்டு வந்தால் உண்டு. அழகம்மாள் வந்த பிறகுதான் அங்கே உலை கொதித்தது. ஒருநாள் அப்பளம் இட மகனையும் கூப்பிட்டாள். அவர் மாவை எடுக்காமல் பாட்டெழுதினார். அதுதான் அப்பளப் பாட்டு! வேதாந்தத்தையே அப்பளமாக இட்டுக் காட்டிய பாட்டு. அம்மா கூப்பிடாவிட்டால் அந்தப் பாட்டு ஏது?

1922, மே 19. காலையிலிருந்து ராத்திரி எட்டு மணி வரை ரமணர் நகரவில்லை. ஒரு கை தாயின் நெஞ்சில், ஒரு கை தலையில். உயிர் அடங்கியது. மலையடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். தினம் மலையிலிருந்து இறங்கி வந்துபோன ரமணர், அந்த வருஷ டிசம்பரில் அங்கேயே தங்கிவிட்டார். அவளைச் சுற்றித்தான் ரமணாசிரமம் எழுந்தது. கடைக்குட்டி நாகசுந்தரம் நிரஞ்சனானந்தராகி அதை நிர்வகித்தார். 1949, மார்ச் 17-இல், அவள் சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். மகன் வீட்டை விட்டுப் போனான் என்கிறீர்களே, அவர் கடைசிவரை இருந்தது தாயின் காலடியில்! உலகத்து மூலையிலிருந்தெல்லாம் வருகிறவன் நுழைவது நம்ம ஊர் மருமகளின் வாசலில்!

பிரசவ அறைக் கிழவியை எனக்கு விட மனசில்லை. அவள் பார்த்த வெளிச்சம் பிள்ளையோடதா, பெற்றவளோடதா? இரண்டும் ஒன்றுதான் என்பேன் நான்.

விழாக் கமிட்டிக்கு ஒரு கோரிக்கை. வருகிற ஆருத்ரா தரிசனத்தன்று, நடராஜர் கோயில் திரும்புகிற நேரத்தில், அழகம்மாள் பேரைச் சொல்லி இந்த ஊரில் அன்னதானம் நடக்க வேண்டும். முதல் பந்தி முன்வரிசை அப்பத்தாமாருக்கு. அன்றைக்கு அவர்கள் உட்காரட்டும், ஆம்பளைகள் நாம் ஆக்குவோம், நாம் பரிமாறுவோம். முதல் மூட்டை அரிசி என்னோடது. அடுத்த மூட்டை யாரோடது? பின்னால் நிற்கிறவர்களே, கையைத் தூக்குங்கள், பேரைச் சொல்லுங்கள்!