நாற்றங்காலுக்கு நஞ்சு வேண்டாம்
(பள்ளித் தோட்டப் பொறுப்பாசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



எங்கள் பள்ளித் தோட்டத்தில் ஓராண்டு தக்காளி விதைத்தோம். முளைத்த சில நாள்களிலேயே நாற்றுகள் தரைமட்டத்தில் தண்டு அழுகிச் சாய்ந்தன. "நாங்க தண்ணி ஊத்தினது தப்பா, சார்?" என்று மாணவர்கள் கேட்டார்கள். கேள்வியில் பாதி உண்மை இருந்தது. அது மண்ணிலுள்ள பித்தியம் போன்ற நுண்ணுயிரிகளால் வரும் நாற்றழுகல் நோய். ஈரம் மிகுந்தால் பெருகும்.

மண்ணைச் சுத்திகரிக்கப் பல நாடுகளில் மெதில் புரோமைடு வாயுவைச் செலுத்தினார்கள். அது மனிதருக்கு நஞ்சு. ஓசோன் படலத்தையும் சிதைக்கும். மாண்ட்ரியல் உடன்படிக்கை அதற்குத் தடை விதித்தது. பிள்ளைகள் கைவைக்கும் மண்ணுக்கு நம் வெயிலே போதும்.

ஏப்ரலில் 15 செ.மீ. உயர மேட்டுப்பாத்தி அமையுங்கள். நன்றாக நனைத்து, நிறமற்ற மெல்லிய பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களை மண்ணிட்டு அடையுங்கள். ஒளி ஊடுருவினால்தான் மண் நன்கு சூடேறும். ஈரம் அவ்வெப்பத்தைக் கீழே கடத்தும். நான்கு முதல் ஆறு வாரம் விடுங்கள். கோடை விடுமுறையில் வெயில் வேலை பார்க்கும்.

ஜூனில் ஆழக் கிளறாமல் விதையுங்கள். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற கணக்கில் கலந்து, நெருக்கமின்றி விதைத்து, காலையில் பூவாளியால் அளவாக நீர் தெளியுங்கள்.

ஒரு பாத்தியை மட்டும் மூடாமல் விடுங்கள். இரண்டிலும் பிழைத்த நாற்றுகளை மாணவர்களே எண்ணட்டும். அவர்கள் கேள்விக்கு விடை அங்கே கிடைக்கும்.