ஒரு வாயில், பல உரிமையாளர்



தகவல்களை நெடுங்காலம் காத்து வைப்பதற்குக் காந்த நாடா இன்றும் பயன்படுகிறது என்றால் உங்களில் சிலர் வியப்படையக்கூடும். ஐரோப்பிய அணு ஆய்வு நிலையமான செர்ன், தன் சோதனைகளின் விவரங்களை நாடாவில் சேமித்து வருகிறது. 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த எல்.டி.ஓ. ஒன்பதாம் தலைமுறை நாடாப் பேழை உள்ளங்கையில் அடங்கும் அளவுடையது. ஆயினும், சுருக்காமலேயே 18 டெராபைட், அதாவது 18 இலட்சம் கோடி பைட் தகவலை அது ஏற்கும்.

இத்தகைய பேழைகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கும் பெட்டகமே தானியங்கி நாடா நூலகம். அதனுள்ளே இயந்திரக் கை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். வேண்டிய பேழையை மாடத்திலிருந்து எடுத்துப் படிக்கும் கருவியில் பொருத்துவதும், வேலை முடிந்ததும் திரும்ப வைப்பதும் அதன் பணி. பேழைகளை வெளியிலிருந்து கொடுக்கவும் உள்ளிருந்து வாங்கவும் ஒரு சிறு வாயில் உண்டு. ஸ்டோரேஜ்டெக் நிறுவனத்தின் எஸ்.எல்.8500 என்னும் நூலகத்தில் இவ்வாயில் ஒரே தடவையில் 39 பேழைகளை ஏற்கும்.

ஒரே நூலகத்தைப் பல துறைகள் பங்கிட்டுக்கொள்ளும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. மாடங்களையும் கருவிகளையும் ஆளுக்கு இத்தனை என்று பிரித்துக் கொடுக்கலாம். வாயிலோ பெரும்பாலும் பொதுவாகவே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். கணக்குத் துறையின் பத்துப் பேழைகள் வெளியேறுவதற்காக வாயிலுக்கு வந்திருக்கின்றன. ஊழியர் ஒன்பதை எடுத்து, ஒன்றை மறந்து போகிறார். அடுத்து ஆய்வுத் துறையினர் தங்கள் பேழைகளை வைத்து, "உள்ளே எடு" என்று கட்டளையிடுகின்றனர். இயந்திரக் கைக்கு உரிமையாளர் யாரென்று தெரியாது. வாயிலில் இருப்பவை அனைத்தும் ஆய்வுத் துறையின் பகுதிக்குள் போய்ச் சேரும். அங்கே அந்தப் பத்தாவது பேழை வெற்று நாடா என்று கொள்ளப்பட்டு, அதன்மேல் வேறு தகவல் எழுதப்பட்டால், பழைய கணக்கு அழிந்தது அழிந்ததுதான்.

இதைத் தவிர்க்க மூன்று விதிகள் உள்ளன.

முதலாவது, ஒரு நேரத்தில் ஒருவருக்கே வாயில். வேண்டுபவர் முன்கூட்டியே அதைத் தமக்கென ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அதுவரை மற்றவர் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, காலி செய்த பின்னரே விடுவித்தல். லயத்துப் பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்தவர் தம் வாளியை அடியிலேயே விட்டுச் செல்லலாமா? அதுபோலவே, ஒரு பேழை எஞ்சியிருந்தாலும் வாயிலை அடுத்தவரிடம் ஒப்படைக்கலாகாது.

மூன்றாவது, பெயர்ச்சீட்டு. பேழையின் முதுகில் கோட்டுக் குறியீட்டுடன் ஓர் எண் ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி எண் வரிசையை வகுத்துவிட்டால், அந்நியப் பேழை நுழைந்ததும் கண்டுகொள்ளலாம். இரு துறைகள் ஒரே எண்ணை ஒட்டினாலோ, குழப்பத்துக்கு நாமே விதை போட்டவர்களாவோம்.

வாயிலை ஒதுக்கிக்கொண்ட கணினி இடையில் பழுதாகி நின்றுவிட்டால் என்ன செய்வது? வாயில் பூட்டியபடியே கிடக்கும். பின்னால் நிற்போர் பொறுமை இழப்பர். மேற்பார்வைத் திரையிலிருந்து அந்த ஒதுக்கீட்டை வலிந்து நீக்க வழியுண்டு. ஆனால் அதற்கு முன், முந்தியவரின் வேலை உண்மையில் நின்றுவிட்டதா என்று அவரையே கேட்க வேண்டும். நீக்கிய பின், வாயிலைத் திறந்து கண்ணால் பார்த்து, எஞ்சிய பேழைகளை உரியவரிடம் சேர்ப்பித்த பிறகே அடுத்தவரை அழைக்க வேண்டும். அவசரத்தில் இப்படிகளைத் தாண்டுவதே ஆபத்து.

இயந்திரம் எவ்வளவு விரைவாக ஓடினாலும், எது யாருடையது என்று அதற்குச் சொல்லி வைக்க வேண்டியவர்கள் மனிதர்களே. பொதுவான பொருளைப் பயன்படுத்தும் எவரும், தமக்குப் பின் வருபவரை எண்ணிக் கையாண்டால், இந்த மூன்று விதிகளும் சுமையாகத் தோன்றமாட்டா.