தாழையும் அடிஅண்ணாமலையும்



அருணைப் பெருங்கோயில் மலையின் கீழ்பால் விளங்க, மேல்பால் கிரிவல வழியில் அமைந்தது அடிஅண்ணாமலை. இங்குள்ள இலிங்கத்தைப் பிரமதேவர் நிறுவி வழிபட்டார் என்பது தலமரபு. முடியைக் காணாதே கண்டேன் என்று பொய்யுரைத்த அவரே அடியை நினைந்து வணங்கிய இடம் இஃதாயின், அப்பொய்க்குச் சாட்சியாய் நின்ற தாழையை இங்கே நினையாதிருத்தல் கூடுமோ?

கைதை என்றும் கேதகை என்றும் வழங்கப்பெறும் தாழை நெய்தல் நிலத்துப் புதர்ச்செடி. கடற்கரை மணலிலும் கழியோரத்திலும் தானே தழைக்கும். உள்நாட்டிலோ அதற்குக் குளக்கரையும் வாய்க்கால் ஓரமும் வேண்டும். மலையடிவாரத்துச் சரளையில் நீரின்றி நட்டால் வாடும். தண்டினின்று விழுதுபோல் இறங்கும் வேர்கள் மண்ணைப் பற்றிக் கரை சரியாது காக்கும். இச்செடியில் ஆண் வேறு, பெண் வேறு. வெண்மடல் விரித்து மணம் கமழ்வது ஆண் தாழையே. பெண் தாழை அன்னாசி போன்ற காயைத் தரும். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் அத்தர் வடிப்போர் ஆண் தாழையையே நாடுதல் இதனாலாம். பக்கக் கன்றைப் பெயர்த்து மழை தொடங்கும்போது நடுதல் எளிது. பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் பொறுத்தல் வேண்டும்.

சிவனார் திருமுடியில் இருந்த மலர் அது. அத்துணை உயர்ந்த இடத்திலிருந்தும், ஒரு சொல்லால் பூசைக்கு ஆகாததாயிற்று. கோயில் நிலத்தின் குத்தகை வழக்கில் பிறர்க்காகப் பொய்ச்சாட்சி கூறிவிட்டு, அந்தியில் மாலையோடு சந்நிதிக்கு வருவோரும் உளர். தாழையின் கதை அவர்க்காகவே சொல்லப்பட்டது போலும்!

ஆயினும் இதனை வெறும் சினத்தின் கதையாகக் கொள்ளுதல் சைவ நெறிக்குப் பொருந்தாது. தண்டமும் அருளே, மறக்கருணை என்பர் சித்தாந்தம் கற்றோர். இறைவன் தாழையின் மணத்தைப் பறித்தானில்லை. நான்முகனைப் படைப்புத் தொழிலினின்று நீக்கினானில்லை. வணங்கி உய்ய இவ்விடத்தையும் தந்தான். பாண்டிநாட்டு உத்தரகோசமங்கையில் மங்களநாதருக்கு அதே தாழம்பூ இன்றும் சாத்தப்பெறுகின்றது.

நந்தவனத்துக்கு நிலமும் நீரும் உதவும் அன்பர் சிலர், தாழை வைக்கலாமோ என்று தயங்குவர். அருச்சனைப் பூ எடுக்கும் பாத்தியில் வேண்டா. அங்கே நந்தியாவட்டையும் அலரியும் நிற்கட்டும். இலை விளிம்பெல்லாம் முள் ஆதலின், படித்துறைக்கு எட்டத்தில், குளக்கரையின் புறச்சரிவில் இரண்டு கன்றுகள் வைக்கலாம். கரை காக்கும் தொண்டினின்று அதனை யாரும் விலக்கினாரல்லர்.